இணைப்பு: ஒன்று

தண்டையார்பேட்டை தாலுகா ஆபீஸ் எதிரில்
ஜெராக்ஸ் கடையில் ஒன்பது வருஷமாய்
ஊராருக்கு மனு அடிக்கிறேன்.
பட்டா, பட்டாவில் பெயர்ப்பிழை,
ரேஷனில் செத்தவர் பெயர் நீக்கம்,
பூட்டிய வீட்டுக்கு வந்த கரண்டு பில்.
பக்கத்துக்கு நாற்பது ரூபாய்.
'பணிவுடன்' இலவசம்.

இன்று ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
என் மனுவை அடிக்கிறேன்.

அனுப்புநர்: அமுலு, க/பெ தேசிங்கு, கொருக்குப்பேட்டை.
பெறுநர்: சிறப்புத் திறன் வகுப்பு, தேர்வுக் குழு.
பொருள்: மகள் கனிஷ்கா, நான்காம் வகுப்பு,
நூற்றுக்கு முப்பத்தொன்று,
மறுபரிசீலனை வேண்டி.

முப்பத்தொன்றில் விரல் நிற்கிறது.
அடுத்தவர் மனுவில் ஒருநாளும் நின்றதில்லை.

மனு என்றால் காரணம் வேண்டும்.
கைவசம் நிறைய உண்டு:
காய்ச்சல், சாவு, வீட்டுக்குள் மழைத்தண்ணி.
காய்ச்சலைப் போட்டேன்.
ஸ்டூலில் உட்கார்ந்து திரையைப் படித்தவள்
"எனக்கு ஜொரமே இல்லியேம்மா" என்றாள்.
அழித்தேன்.
"பின்ன இன்னாதான்டி பண்ணே ரெண்டு மணி நேரம்?"

பன்னிரண்டாம் கேள்வியாம்.
சிலுவை மாதிரி ஆறு கட்டம்,
மடித்தால் எந்தப் பெட்டி வரும்?
"மட்சிப் பாத்தேன்."
எதை?
"கேள்வித்தாள."
ஓரம் கிழித்து, எச்சில் தொட்டு ஒட்டி,
பெட்டி வந்துவிட்டது. அத்தோடு விட்டாளா?
சிலுவை இல்லாமல் வேறு எப்படியெல்லாம்
ஆறு கட்டம் போட்டால் பெட்டி வரும் என்று
விடைத்தாளின் பின்பக்கம் வரைந்திருக்கிறாள்.
"பதினோரு தினுசு வருதும்மா.
பன்னெண்டாவது எம்மா நேரம் தேடியும் வர்ல."
மீதிக் கேள்விகள்
அவள் கிழித்த தாளின் அந்தப் பக்கம் இருந்தன.

அடிக்கக் கை ஓங்கினேன்.
ஓங்கிய கை எதற்கோ
கீபோர்டின் தூசியைத் தட்டியது.

போன மாசம் இவள் அப்பன் சொன்னான்.
எண்ணூர் ரோட்டில் ட்ரெய்லர் வரிசை நகராமல்
பொழுது போக, முன்னால் நிற்கும்
கண்டெய்னர் நம்பரைப் படிக்கச் சொல்லியிருக்கிறான்.
கடைசி எண் மட்டும் ஏன்
தனிக் கட்டத்துக்குள் இருக்கிறது என்று கேட்டாளாம்.
பதினாறு வருஷம் பெட்டி இழுத்தவன்
"பெயின்ட்டு அடிக்கறவன் இஷ்டம்" என்றிருக்கிறான்.
யார்டில் அடுத்தடுத்த நம்பர் பெட்டிகள் வந்து நின்றதும்
இவள் சொன்னாளாம்:
வெளியே ஒண்ணு கூடினா
கட்டத்துக்குள்ள ஆறு கூடுதுப்பா,
பத்தைத் தாண்டினா பதினொண்ணைக் கழிச்சுக்குது.
அவன் சிரித்துவிட்டு டீ வாங்கிக் கொடுத்தானாம்.
ராத்திரி சோற்றில் கை வைத்தபடி
"ஒரு வேள நெசமாத்தான் இருக்குமோ அமுலு" என்றான்.

இதை எப்படி எழுதுவது?
'மேற்படி மாணவி மேற்படி தாளை மடித்த வகையில்'
என்று போட்டுப் பார்த்தேன்.
குற்றப்பத்திரிகை மாதிரி இருந்தது.
கடைசியில் காரணமே எழுதவில்லை.
'இவள் செய்ததைத் தயவுசெய்து பாருங்கள்'
என்று ஒரே வரி.
கீழே,
இணைப்பு: காகிதப் பெட்டி, ஒன்று.
சாப்பாட்டுப் பையில் ஒளித்து
அவள் கொண்டுவந்திருந்த அதே பெட்டி,
ஒரு மூலையில் எலுமிச்சை சாதக் கறை.

மண்டல அலுவலகத்தில் குமாஸ்தா
பெட்டியைத் தூக்கிப் பார்த்தார், குலுக்கினார்,
உள்ளே ஒன்றும் இல்லை.
"இத எப்படிம்மா ஃபைல் பண்றது?
பஞ்ச் போட முடியாது, டேக் கட்ட முடியாது."
கனிஷ்கா எட்டி வாங்கி
ஒட்டை நகத்தால் நீக்கி
மேஜைமேல் விரித்தாள்.
தட்டையான சிலுவை.
அவர் பாட்டுக்கு முத்திரையை ஓங்கி நடுக்கட்டத்தில் வைத்தார்.

"சார், மறுபடி மட்சா
சீலு உள்ள பூடும்.
வெளிய யாருக்கும் தெரியாது."

அவர் ஒரு நொடி தாளைப் பார்த்தார்,
அப்புறம் இவளை.
அப்புறம் என் பின்னால் நின்றவரைக் கூப்பிட்டார்.

ஒப்புகைச் சீட்டை வெளியே வந்துதான் படித்தேன்.
தேதி தப்பு.
அதற்கு இன்னொரு மனு அடிக்க வேண்டும்.