பொறுப்பு இயக்குநர்

ப்ரெதா தலைநகருக்குப் போய்விட்டார்,
நல்ல சம்பளம், ஜன்னல் வைத்த அறை.
நிர்வாகக் குழுவில் ஐந்து பேர் கை தூக்கினார்கள்.
அரை நிமிடம், அவ்வளவுதான்.
என் பதவிக்கு முன்னால் ‘பொறுப்பு’ என்றொரு சொல் வந்து
ஈரக் கோட்டு மாதிரி தொங்கியது.

மாரிபோரில் அன்று
மழையாகவும் மாறாமல் பனியாகவும் நிற்காமல்
ஏதோ ஒன்று விழுந்துகொண்டிருந்தது.
திராவா ஆற்றுப் பாலத்தைக் கடந்து நடந்தேன்.
பையில் பதினேழு சாவிகள்.
ஒன்பதுக்குத்தான் பூட்டு தெரியும்.

ஆறு வருடம் முன்பு இதே உணவுக் கிடங்கில்
தயிர்க் கோப்பைகளின் தேதி பார்க்கச் சேர்ந்தவள் நான்.
நாளையோடு முடிவது இடப்பக்கம்,
நேற்றோடு முடிந்தது முகர்ந்து பார்த்த பிறகு.
பக்கத்தில் தாரிங்கா வெங்காயம் பொறுக்குவாள்.
அழுகல் ஒன்று கிடைத்தால் குறி பார்த்து என்மேல் எறிவாள்.
“நீ” என்பாள். “ஏய், உன்னைத்தான்” என்பாள்.

பதவி வந்த திங்கட்கிழமை, கூட்டத்தில்,
வேனுக்கு டயர் மாற்றுவதைப் பற்றிப் பேச எழுந்தவள்
“நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்” என்றாள்.
நீங்கள்.
எங்கள் மொழியில் இதற்கென்றே ஒரு பன்மை உண்டு.
ஒருத்தியைப் பலராக்கித்
தள்ளி நிறுத்தும் பன்மை.

பயிற்சிக்கு அனுப்பினார்கள்.
ஏரிக்கரை ஹோட்டல், கேக், மஞ்சள் ஒட்டுத்தாள்கள்.
‘உங்கள் தொலைநோக்கை மூன்று சொல்லில் எழுதுங்கள்.’
எழுதினேன்: குளிர்பெட்டிக் கதவுக்கு ரப்பர்.
சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.
ஒன்று கற்றதையும் சொல்லிவிடுகிறேன்:
வரவுசெலவுத் தாளைக் கீழிருந்து படிக்க வேண்டும்.
கடைசி வரியில்தான்
யாரோ ஒருவருடைய வேலை நேரம் நின்றுகொண்டிருக்கும்.

இந்த வருடம் அந்த வரி தாரிங்காவுடையது.
இரண்டு இரவு எண்களை நகர்த்தினேன்.
நகர்ந்த எண்கள் விடிவதற்குள் திரும்பி வந்தன.
நாற்பது மணி நேரத்தை முப்பதாக்கினேன்.
மின்னஞ்சலில் சொல்லவில்லை,
வேனில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து சொன்னேன்.
கண்ணாடித் துடைப்பான் போய்வந்து போய்வந்து
“சரிங்க” என்றாள்.

பிப்ரவரியில் திலென் என்றொரு புதுப் பையன்.
பத்தொன்பது வயது. தன்னார்வலர் அட்டைகூட வரவில்லை.
கூட்டத்தில் கேட்டான்:
“ஜனங்களை ஏன் தெருவில் நிறுத்துகிறோம்?
பல் டாக்டரிடம் போனால் உள்ளேதானே உட்கார வைக்கிறார்கள்?”

அந்த வரிசை நான் போட்டது.
நடைபாதையில் அந்த மஞ்சள் கோடு
முழங்கால் தேய நான் வரைந்தது.
நன்கொடையாளர்களுக்குப் போன அறிக்கையில்
அதன் படம் முதல் பக்கம்.
‘உனக்கென்னடா தெரியும்’ நாக்கு நுனி வரை வந்தது.
தாரிங்கா ஜன்னலைப் பார்த்தாள்.
பொறுப்பில் முதல் பாதியை அன்றுதான் செய்தேன்:
பொறுத்தேன்.
“வியாழக்கிழமை செய்து பார்” என்றேன்.
என் குரல்தானா என்று சந்தேகம்.

வியாழன்.
மூடிய பள்ளியிலிருந்து இரவல் நாற்காலிகள்,
ஆறு வயதுக்காரர்கள் உட்காரும் உயரம்.
ஹீட்டர் பக்கத்தில் ஒரு முதியவர்
தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.
இரண்டு வருடமாக வருகிறவர்.
அவர் தலை வழுக்கை என்பது
அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது.

எனக்கு உள்ளே வேலை இல்லை.
வெளியே மஞ்சள் கோடு,
அதன்மேல் ஒருவரும் இல்லை.
கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல்
நின்றேன்.

வேனின் பின்கதவைத் திறந்த தாரிங்கா
கையுறைகளைச் சுருட்டி எறிந்தாள்,
பழைய வெங்காயக் குறி, நேராக நெஞ்சுக்கு.
“உருளைக்கிழங்கு முப்பது மூட்டை.
சும்மாதானே நிற்கிறீர்கள்?”

சொன்னது பன்மை.
எறிந்தது ஒருமை.
ஒரு கையுறையைப் பிடித்துவிட்டேன்.
மற்றது சேற்றில்.