எல்லாம் சிவப்பு

படகை விற்கும்போது ஹானுஸ் சொன்னது ஒன்றுதான்:
"வயரிங் முழுக்க நானே செய்தது."
பெருமையா எச்சரிக்கையா,
வெஸ்ட்மன்னா மழையில் முகம் தெரியவில்லை.

பலகையைக் கழற்றினேன்.
எல்லாம் சிவப்பு.
போவது சிவப்பு, திரும்புவது சிவப்பு.
மீன் தொழிற்சாலையில் மிஞ்சிய ஒற்றைச் சுருளை
படகு முழுக்க ஓட்டியிருக்கிறார் மனுஷன்.
கட்டுப்பட்டைகளின் வாலை எதால் வெட்டினாரோ,
ஒவ்வொன்றும் பிளேடு.
முதல் மணி நேரத்திலேயே மணிக்கட்டில் மூன்று கீறல்.

என்னிடம் இருந்தவை:
என்ஜினுக்குப் பின்னால் எட்டிப் பார்க்க
பல் டாக்டர் வைத்திருப்பது போலொரு கண்ணாடி.
நெற்றி விளக்கு.
வால் மிச்சம் வைக்காத சின்ன வெட்டுக்குறடு.
செப்பைக் காயப்படுத்தாமல் தோலை மட்டும் உரிக்கும் இன்னொன்று.
அப்புறம் கிரிம்பர்.
அழுத்தம் நிறைவாகும்வரை வாய் திறக்காது,
பாதியில் விட்டுப்போக விடாது.
இந்தக் குணமுள்ள ஒருவரை
நாற்பத்தாறு வயதுவரை நான் சந்தித்ததில்லை.

ஒவ்வோர் இணைப்பையும் இழுத்துப் பார்த்தேன்
கடன் கொடுத்தவன் சட்டையைப் பிடிப்பதுபோல.
கையோடு வராதவை தங்கின.

சாயங்காலம், மீட்டர் பூஜ்யம் காட்டிய ஒரு வயர்.
மறுபடி தொட்டேன். பூஜ்யம்.
செத்தது என்று நறுக்கி,
சுருட்டி வாளியில் போட்டுவிட்டு
ஒழுங்கு வந்த திருப்தியில் வீட்டுக்குப் போய்த் தூங்கினேன்.

காலையில் பக்கத்துப் படகு மார்னரின் போன்:
"உன்னுது கொஞ்சம் தணிஞ்சு உட்கார்ந்திருக்கே,
வழக்கம்தானா?"

அடிக்கிடங்கில் கெண்டைக்கால் அளவு தண்ணீர்.
புதுக் குறட்டின் அட்டைப்பெட்டி மிதந்துகொண்டிருந்தது.
சுழல்தண்டின் ஓரமாய்ச் சொட்டுச்சொட்டாய்
இரவெல்லாம் கடல் உள்ளே வந்திருக்கிறது.
நான் நறுக்கியது பம்பின் வயர்.
நீர் ஏறி மிதவையைத் தூக்கும்வரை
அது எந்த மீட்டரிடமும் பேசாது.

வாளியைக் கவிழ்த்து வயரை எடுத்தேன்.
அதே வாளியால் இறைத்தேன், நாற்பது, ஐம்பது,
அப்புறம் எண்ணவில்லை.

முதுகு நிமிர்ந்தபின் துண்டைத் துடைத்துப் பார்த்தால்
படகிலேயே இதன் முனையில் மட்டும்
சுருங்கு குழாய் மாட்டி,
விளிம்பில் பசை கசியும்வரை சூடு காட்டியிருக்கிறார் ஹானுஸ்.

இப்போது அங்கே பழுப்பு வயர்.
இரண்டு முனையிலும் பெயர்ச்சீட்டு.
"பம்பு" என்று மட்டும் எழுதினேன் முதலில்.
இடம் மிச்சமிருந்தது.
"பூஜ்யம் காட்டும். நம்பாதே."