மஹ்பூலா, காலை ஐந்தே கால்

செல்ஃப் போட்டால் டிக், டிக் என்கிறது.
பேட்டரிக்கு மட்டும் இன்று வெள்ளிக்கிழமை.
மூன்று டிகிரி. சீட்டெல்லாம் பனி,
அதில் யாரோ விரலால்
அரபியில் ஒரு பெயரை எழுதிப் போயிருக்கிறார்கள்.

சோக்கை இழுத்து, பதினெட்டு உதை.
பத்தொன்பதாவதில் பெட்ரோல் வாடை:
குடித்துவிட்டது, விழிக்கத்தான் மனமில்லை.

பிளக்கைக் கழற்றினேன். கருப்பு, ஈரம்.
சட்டைப் பையில் போட்டுக்கொண்டு
நாலு மாடி ஏறினேன்.
லிஃப்டும் இன்னும் எழவில்லை.

தாப்பாவின் பால் பொங்கக் காத்திருந்தது.
பக்கத்து அடுப்பில்
இடுக்கியில் பிடித்த பிளக்.
"என்ன சமையல்?" என்றான் இந்தியில்.
"இன்றைய சம்பளம்."
அவன் சிரிக்கவில்லை.
தன் பாலை இறக்கிவிட்டுப்
பெரிய அடுப்பை எனக்குத் தந்தான்.

துணியில் சுற்றி, ஆறுவதற்குள் கீழே ஓடினேன்.
இதுவரை நான் செய்த டெலிவரிகளில்
அதுதான் வேகம்.

விரல் மரத்து, மரை பிடிக்கவில்லை.
போனில் மூன்று ஆர்டர் நழுவிப் போனது.
ஒரு உதை. இருமியது, அணைந்தது.
இன்னொன்று.
பிறகு நடுங்கிக்கொண்டே
நின்றது, என்னைப் போலவே.

நாலாவது ஆர்டர்:
ஐஸ் காபி, ஐஸ் கூடுதலாக.
ஏற்றுக்கொள்ள முப்பது நொடி.
அதில் இருபத்தெட்டை
சைலன்சர் பக்கம் கையை நீட்டிக்
குளிர்காய்ந்தேன்.