டீசல் கணக்கு

ஜனவரி மாதக் கணக்கில் ஒரு வண்டி மட்டும்
இரண்டு பங்கு டீசல் குடித்திருந்தது.
ஏழாம் எண், பனி வாரும் வண்டி. ஓட்டுநர் தார்மோ.
"விற்கிறான்" என்றார் மேலாளர்.
"தண்ணி போடுகிறான், வழி தப்புகிறான்" என்றார் பட்டறை எய்னாரி.
இரவு ரேடியோவில் உட்காருகிறவள் நான்.
என்னை யாரும் கேட்கவில்லை.

"ராய்லி, பாலத்துப் பக்கம் விபத்து என்று
ஏதாவது அழைப்பு வந்ததா?"
"வரவில்லை."
பத்து நிமிடம்.
"இப்போது?"
"இல்லை தார்மோ. யாரும் சாகவில்லை. நீ போ."
ஓர் இரவுக்குப் பதினொரு முறை.
நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிப்ரவரியில் ஒருநாள் அவன் வண்டியில் ஏறிக்கொண்டேன்.
குஹ்மோவுக்கு வடக்கே, மைனஸ் முப்பத்தொன்று.
உறைந்த பனிக்கட்டி ஒன்று சக்கரத்தில் தட்டியது.
எனக்கு அது சத்தம்.
அவனுக்கு அது ஒரு சிறுமி,
சிவப்புத் தொப்பி உட்பட.

நிறுத்தினான். இறங்கினான்.
டார்ச் அடித்து வண்டிக்கு அடியில், பள்ளத்தில்,
பைன் மரங்களுக்கு இடையில் தேடினான்.
கையுறையைக் கழற்றிப் பனியைத் தொட்டுப் பார்த்தான்,
எங்காவது சூடாக இருக்கிறதா என்று.
கிளம்பினோம். கிளம்பும்போது
இன்னொரு கட்டி தட்டியது.

"ஒன்றுமில்லை என்று தெரியும்" என்றான்.
"தெரிந்தும் மனசு கேட்கவில்லை."

நானும்தான் அடுப்பை அணைத்தேனா என்று
இரண்டு தரம் எழுந்து பார்ப்பேன் என்றேன், ஆறுதலாக.
அன்றுதான் அவன் கோபப்பட்டுப் பார்த்தேன்.
"பார்த்த பிறகு நீ தூங்கிவிடுவாய், இல்லையா?"

கயானி மருத்துவமனையில் அதற்கு ஒரு பெயர் இருந்தது.
'கட்டாயம்' என்ற சொல்லில் தொடங்கும் நீளமான பெயர்.
உளவியலாளர் அன்னெலி என்னையும் உட்காரச் சொன்னார்.
"அவர் கேட்டால் என்ன சொல்வீர்கள்?"
"இல்லை என்பேன்."
"அது அவருக்கு எவ்வளவு நேரம் தாங்கும்?"
விரல் விட்டு எண்ண வேண்டியிருக்கவில்லை.
பத்து நிமிடம்.

கேட்டுக்கொண்டே இருக்கிற மனசு
சொன்னால் கேட்பதில்லை.
பதிலைத் தின்று அடுத்த கேள்விக்குக் கொழுக்கிறது.
பரிவு என்று நான் போட்டதெல்லாம் தீனி.

இனி நான் சொல்ல வேண்டியது ஒற்றைச் சொல்: தெரியாது.
அவன் திரும்பிப் போகக் கூடாது.
அந்தச் சிறுமியை, அந்தத் தொப்பியை
அங்கேயே விட்டுவிட்டு, விட்டோமா என்றும் தெரியாமல்,
முன்னால் ஓட்ட வேண்டும்.
எளிதென்று தோன்றினால் நீங்களும் சொல்லிப் பாருங்கள்,
தெரிந்த குரல் ஒன்று நடுங்கிக்கொண்டே
"நான் யாரையும் கொல்லவில்லைதானே?" என்று கேட்கும்போது.

மார்ச் நான்கு, இரவு இரண்டு பத்து.
"ராய்லி. பாலம். ஏதோ தட்டியது."
"தெரியாது, தார்மோ."
இரைச்சல்.
திரையில் ஏழாம் எண் புள்ளி பாலத்தருகே நின்றது.
நின்றுகொண்டே இருந்தது.
பொத்தானிலிருந்து விரலை எடுத்து
தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்தேன்.
காபியில் ஆடை கட்டியது.
அழுதிருப்பான். என்னைத் திட்டியிருப்பான்.
பத்தொன்பது நிமிடம் கழித்து
புள்ளி அசைந்தது. வடக்கே.
ஏரித் திருப்பத்தில் நின்றது.
திரும்பி வந்தது. சே.
பாலத்துக்கு வருமுன்பே நின்று, யோசித்து,
மறுபடி வடக்கே.

மார்ச் கணக்கில் ஒன்றரைப் பங்கு.
மேலாளர் சிவப்பில் கோடிழுத்து
'காரணம்?' என்று எழுதியிருந்தார்.
என்ன போடட்டும் என்று தார்மோவையே கேட்டேன்.
"பனி அதிகம் என்று போடேன்" என்று சிரித்தான்.
போட்டேன்.
வாசல்வரை போனவன் வந்து பேனாவை வாங்கி
அதை அடித்துவிட்டு, கோணல்மாணலாக
அவனே எழுதினான்:

திரும்பிப் பார்க்கப் போனேன்.
குறைத்துக்கொண்டு வருகிறேன்.