பதினான்கு மாதச் சுண்ணாம்பு

எறும்பு ஊரக் கல்லும் தேயுமாம்.
இந்த ஊரில்
தண்ணீர் ஊரக் கல் வளர்கிறது.

திரியெஸ்தே. நான்காம் மாடி.
வெளியே போரா காற்று
யாருடைய குடையையோ முறித்துத் தெருவில் உருட்டுகிறது.
அடுக்களையில்
எஸ்பிரெஸ்ஸோ இயந்திரம் மூன்று நாளாய் முனகல்.
நாற்பது நொடி முக்கி
அரைக் குவளை தரும், அதுவும் ஆறிப்போய்.
நீராவிக் குழாயோ
சளி பிடித்த மூக்கு.

சோதனைத் தாளை நனைத்தேன்.
நான்கு கட்டமும் சிவந்தன.
கடினம், என்றது தாள்.
தெரியும், என்றேன்.
எந்தக் குகையில் எந்தப் பாறையை நக்கிவிட்டு
எங்கள் குழாய்க்கு வந்து சேர்கிறதோ இந்தத் தண்ணீர்.

சென்ற முறை வினிகர் ஊற்றினேன்.
ஒரு வாரம் காபியில் ஊறுகாய் வாடை.
நேவியா குடிக்காமலே வேலைக்குப் போனாள்.
இம்முறை எலுமிச்சை உப்பு,
லிட்டருக்கு இரண்டு கரண்டி,
கை பொறுக்கும் சூட்டில் தண்ணீர்.

"கொஞ்சம் பொறு," என்றாள்.
கையில் பூதக்கண்ணாடி.

நேவியா குகை வழிகாட்டி.
பகல் முழுக்க
நான்கு மொழிகளில் சொல்லிக்கொண்டிருப்பாள்:
தொடாதீர்கள்,
விரலின் பிசுக்குப் பட்டால்
இந்தக் கல் வளர மறந்துவிடும்.
மாலையில் வீடு திரும்பினால்
அதே கல்லுக்கு நான்
அமிலம் கரைத்துக்கொண்டிருப்பேன்.
இருபத்திரண்டு வருட வாழ்க்கையில்
எங்களுக்குள் தீராத வழக்கு
இது ஒன்றுதான்
என்று சொல்ல ஆசை.

ஆறு திருகுகள். கொதிகலன் மூடியைத் தூக்கினேன்.
உள்ளே
வெந்நீர்ச் சுருள் உறைபனி பிடித்த கிளையாய் நின்றது.
திருப்புளி முனையால் தட்டியதும்
நகத்தளவு சில்லு ஒன்று உதிர்ந்தது.
இடுக்கியால் எடுத்து
ஜன்னலோரம் கொண்டுபோனாள்.

"கோடு இருக்கு."

"எங்கே?"

"இந்தத் தடிச்ச பட்டை
துல்லியோ வேலை போய் வந்து இருந்த குளிர்காலம்.
நாளைக்கு எட்டுக் காபி.
எட்டுக்கும் சேர்த்து ஒரு வார்த்தை கிடையாது.
இந்த மெலிசு, ஆகஸ்ட்.
வீட்டைப் பூட்டிட்டுப் போனோமே."

"அந்தப் பழுப்பு?"

கண்ணாடியிலிருந்து முகத்தை எடுக்கவில்லை அவள்.
"நீ உன் அக்கா வீட்டில் இருந்த மூணு வாரம்.
தெருவில் குழாய் மாத்தினாங்க.
துரு."

நான் மூடியைப் போட்டுத் திருகினேன்.
ஒரு திருகு கோணலாய் இறங்கியது,
கழற்றி மறுபடி போட்டேன்.
தொட்டியில் அமிலத்தை ஊற்றிச் சூடேற்றி
பாதியை முகப்பு வழியாக விட்டேன்,
கொஞ்சம் மூக்குக்கும்.
பிறகு மின்சாரத்தை அணைத்துவிட்டு
இருபது நிமிடம் சும்மா உட்கார்ந்தோம்.
உள்ளே சோடாப் புட்டி போல மெல்லிய இரைச்சல்.
எட்டுக் காபிக் குளிர்காலம் கரைந்துகொண்டிருந்தது.
ஆகஸ்ட் ஏற்கெனவே போயிருக்கும்.

பால் கலங்கியதுபோல் வந்தது முதலில்.
அப்புறம் சாம்பல்.
அப்புறம் லேசாய்ப் பச்சை கலந்த நீலம்.
"அழகா இருக்கே," என்றாள்.
"அது செம்பு. இனி தின்ன விடக்கூடாது," என்று
நிறுத்தினேன்.

மூன்று தொட்டி நல்ல தண்ணீர்.
ரப்பர் வளையம் காய்ந்து ஓடாகியிருந்தது,
புதிதாக ஒன்று.
சல்லடையின் கண்களைப் பழைய பல்துலக்கி கொண்டு தேய்த்தேன்.
நாட்காட்டியில் எழுதினேன்:
வடிகட்டிய தண்ணீர் மட்டும்.
இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கழுவல்.

அவள் படித்துப் பார்த்தாள்.
"அப்போ இனிமே இதுக்குள்ள
எதுவும் எழுதியிருக்காது."

சில்லு இப்போது கண்ணாடிக் குழலில்,
பஞ்சு வைத்து,
அவளுடைய குகைக் கற்களுக்கு நடுவே.
சிறு எழுத்தில் சீட்டு:
சான் ஜாக்கோமோ. நான்காம் மாடி. கொதிகலன்.
பதினான்கு மாதம்.

முதல் காபியைக் கொட்டிவிட்டேன்.
இரண்டாவது
இருபத்தாறு நொடியில் இறங்கியது,
எலிவால் தடிமனில், தேன் நிறத்தில்.
குவளையை அவள் பக்கம் நகர்த்தினேன்.

ஒரு வாய் குடித்தாள்.
யோசித்தாள்.
"புளிக்குது."

இன்னொரு தொட்டி தண்ணீர் பிடித்தேன்.