மெய்ப்பு

மூன்றாம் படிவத்தில் அவன் பெயர்
மூன்று விதமாக வந்திருந்தது.
லெப்தேரி. லெஃப்தேரி. எலெப்தெரியோஸ்.
தளபதி ஒருவன்தான்.
கையெழுத்துப் பிரதியை எடுத்துப் பார்த்தேன்,
அதில் நாலாவதாக ஒன்று.

செவ்வாய்ப்பேட்டையில் மூன்று மணிக்கு
கரண்ட் போய்விடும்.
எதிர்ப் பட்டறையில் கொலுசுக்குப் பொடி வைக்கும் ஊதுகுழல் மட்டும்
உஸ்ஸென்று பேசிக்கொண்டிருக்கும்.
வாசல் வெளிச்சத்துக்கு நாற்காலியை இழுத்துப்போட்டு
கிரேக்க தேசத்தைப் பார்த்தேன்,
காற்புள்ளி காற்புள்ளியாக.

முதலில் அவன் ஆட்டுத் திருடன்.
ஆசிரியர் அதை அடித்துவிட்டு
'கால்நடை வணிகர்' என்று எழுதியிருந்தார்.
போட்டித் தேர்வுக்கான புத்தகம்.
பிறகு மலைக்கணவாய் ஒன்றில்
நூற்றிருபது பேரோடு நாலாயிரம் பேரை மறித்தான்.
எப்படி என்று எனக்குப் பிடிபடவில்லை,
ஞாயிறன்று ஏற்காடு பஸ்ஸின் பின்சீட்டில் உட்காரும்வரை.

பதினோராம் கொண்டை ஊசி வளைவில்
பஸ் கொஞ்சம் பின்வாங்கி, மூச்சு வாங்கி, திரும்பியது.
நேர் கீழே ஒரு காப்பி லாரி.
டிரைவர் தலையில் கட்டியிருந்த துண்டு தெரிந்தது,
கல்லைக் கைவிட்டால் போதும், எறிய வேண்டாம்.
ஓ, இவ்வளவுதானா.
துருக்கிக் குதிரைகள் எட்டாம் வளைவில் மிரண்டன.
சில்வர் ஓக் மரங்களுக்குப் பின்னாலிருந்து
அவன் ஆட்கள் விசிலடித்தார்கள்,
ராத்திரியில் ஆடு ஓட்டிய அதே விசில்.
கண்டக்டர் என்னிடம் சில்லறை கேட்டார்.

பக்கம் அறுபத்திரண்டில் 'விடுதலை' என்று ஓர் உபதலைப்பு.
எழுபத்தொன்றில் மறுபடி 'விடுதலை'.
ரெஜினாவின் கைப்பிசகு என்று
இரண்டாவதைச் சிவப்பில் அடித்தேன்.
அப்புறம்தான் நடுவிலிருந்த ஒன்பது பக்கங்களைப் படித்தேன்.
மெய்ப்பு திருத்துகிறவன் எழுத்தைத்தான் பார்ப்பான்,
படிப்பது அபூர்வம்.

நாடு கிடைத்தது. கொடி ஏறியது.
முற்றுகையின்போது குதிரையை விற்று
ஆட்களுக்கு ரொட்டி வாங்கியிருந்தான்.
குதிரை அரசாங்கச் சொத்து, ரசீது எங்கே என்றார்கள்.
அவனுக்குக் கையெழுத்தே வராது.
அவன் பிடித்துக் கொடுத்த கோட்டையிலேயே
அவனை அடைத்தார்கள்.
சாவி வைத்திருந்தவன்
போரில் அவனுக்கு வெடிமருந்துப் பை சுமந்த பையன்.
எந்தச் சுவர் இளகியது என்று
அவனுக்குத் தெரியும், இடித்தவனே அவன்தானே.
நாலு வருஷம்
அந்தச் சுவரிலேயே முதுகைச் சாய்த்துக்கொண்டிருந்தான்.
ஏன் என்று ஆசிரியர் எழுதவில்லை.

கரண்ட் வந்தது. மாரப்பன் மெஷினைத் தட்டினான்.
"படிவத்தை இறக்கலாமா?" முதலாளி.
அடித்த சொல்லுக்குக் கீழே புள்ளி வைத்தேன்.
இருக்கட்டும் என்பதற்கு எங்கள் குறி அது.
நாலு எழுத்துக்கு நாலு போதும்,
கை நிற்காமல் ஏழெட்டு வைத்துவிட்டது.

பெயரை லெப்தேரி என்றே விட்டேன்,
பரீட்சை எழுதுகிற பிள்ளைக்கு வாயில் நுழையும்.

பாடத்தின் கடைசியில் ஒரு வினா:
தளபதி லெப்தேரி விடுதலை கண்ட ஆண்டு எது?
சரியான ஒரே விடையைத் தேர்ந்தெடு.
கொடுத்திருந்த நாலில்
இரண்டு சரி.