இரண்டுக்குக் குறைந்து விற்பதில்லை

கொட்டகைக் கதவில் சாக்கட்டியால் எழுதி வைத்திருந்தாள் லூவெல்லா.
நான் ஒன்றுக்குத்தான் பணம் கொண்டுபோயிருந்தேன்.
"ஒன்றை மட்டும் கொண்டுபோனால் ராத்திரி முழுக்கக் கத்தும்.
நீயும் கத்துவாய். திருப்பிக் கொண்டுவருவாய்.
பெட்ரோல் தண்டம்" என்றாள்.
முழங்காலுக்குச் சற்று மேலே நின்றன இரண்டும்.
ஆட்டுக்கு வாலை அளந்து வைத்தவன்
இதுகளுக்கு மொத்த ஆட்டையுமே
அளந்துதான் வைத்திருக்கிறான்.

காரின் பின்சீட்டில் ஏற்றினேன்.
இருபத்தாறு வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள் நான்.
கண்ணாடியில் தலை எண்ணாமல்
கியர் போட வராது.
ஒன்று, இரண்டு.

போன ஜூனில் பள்ளியை மூடினார்கள்.
கடைசி நாள் என் வண்டியில் ஏழு தலை.

ஒருத்திக்குப் புல்லா என்று பெயர் வைத்தான் ரெய்னோ;
அவன் வீட்டில் சுடும் ஏலக்காய் ரொட்டியின் பெயர்.
மற்றவள் செல்மா. காரணம் ஒன்றுமில்லை,
முகம் செல்மா மாதிரி இருந்தது.
எங்கள் வேலி மாட்டுக்கு அடித்த வேலி.
இருவரும் அதை வாசல் என்று நினைத்தார்கள்.

நவம்பரில் ஒரு ஜாம் பாட்டில்.
லூவெல்லாவின் கிடா நெற்றியில் தேய்த்த துணி அதற்குள்,
மூடி இறுக்கி, ஃபிரிட்ஜின் மூன்றாம் தட்டில்.
தினமும் காலையில் திறந்து
ஆடுகளின் மூக்கருகே காட்ட வேண்டும்.
வால் படபடத்தால், ஓயாமல் கத்தினால்,
உடனே வண்டியை எடுக்க வேண்டும்.
ப்ளூபெர்ரி என்று நினைத்து
ஒரு ராத்திரி ரெய்னோ அதைத் திறந்துவிட்டான்.
அவனுக்கு வால் படபடக்கவில்லை.
கத்தினான்.

பிறகு நாற்பது மைல், ஏரியிலிருந்து வீசும் பனியில்,
பனிவாரிக்குப் பின்னாலேயே ஊர்ந்து.
அங்கே காரியம் முடிய
நான் எஞ்சினை அணைக்கும் நேரம்கூட ஆகவில்லை.
இரண்டு நாள் கழித்துப் புல்லாவுக்காக
மறுபடி அதே நாற்பது.

ஏப்ரலிலும் இங்கே வசந்தம் கிடையாது.
புல்லா ஒன்று போட்டாள், சத்தமே இல்லாமல்,
நான் காப்பி ஊற்றப் போன இடைவெளியில்.
செல்மாவுக்கு மூன்று.
மூன்றாவது மூச்சு விடவில்லை.
பின்னங்காலைப் பிடித்துச் சுழற்றினேன், சொல்லித் தந்தபடி.
வைக்கோலால் தேய்த்தேன்.
சமையலறைத் தொட்டியில் வெந்நீரில் பிடித்துக்கொண்டு நின்றேன்,
நீர் ஆறி, மறுபடி ஊற்றி, மறுபடி ஆறும்வரை.
கொட்டகைக்குத் திரும்பி எண்ணினேன்.
பழக்கம், இன்னொரு முறையும் எண்ணினேன்.
மண் இரும்பாய் இறுகியிருந்தது, கடப்பாரை இறங்கவில்லை.
துண்டில் சுற்றி
விறகுக் கொட்டகையின் வடக்கு மூலையில் வைத்தோம்.

காயலான் கடையில் ஒரு பேருந்து இருக்கை கிடைத்தது.
பச்சை ரெக்சின், யாரோ பேனாவால் குத்திய ஓட்டைகள்.
அதைப் பலகையில் அறைந்து, செல்மாவை மேலே ஏற்றி,
பக்கத்தில் உட்கார்ந்தேன்.
காம்பில் இரண்டு விரலுக்கும் கட்டைவிரலுக்கும்தான் இடம்.
அவ்வளவு பெரிய ஸ்டியரிங்கைப் பிடித்த கை
எங்கே போவது என்று தெரியாமல் நின்றது.
முதல் நாள் பால் அவள் குளம்புக்கு.
இரண்டாம் நாள் என் மடிக்கு.
மூன்றாம் நாள் முக்கால் கிளாஸ்.

மின்சாரக் கட்டணச் சீட்டின் பின்புறம்
ரெய்னோ கணக்குப் போட்டான்:
வேலி, வைக்கோல், மருத்துவர், எண்பது மைல் இரண்டு தடவை.
"இந்தக் கிளாஸ் தொள்ளாயிரத்துப் பதினாலு டாலர்."
பாதி குடித்தான்.
"ஆட்டு வாசமே இல்லையே" என்றான்,
ஏமாந்தவன் மாதிரி.
மீதியை என் பக்கம் நகர்த்தினான்.

மே இருபதுக்கு மேல் மண் இளகியது.
பேருந்தை நிறுத்திய இடத்தில் இன்னும் புல் முளைக்கவில்லை;
அங்கேதான் தோண்டினேன்.
ஐந்து பேரும் வேலிக்குள்ளிருந்து பார்த்தார்கள்.
மண்வெட்டியைச் சாய்த்து வைத்துவிட்டு
துண்டை எடுத்துவரப் போனேன்.
திரும்புவதற்குள் செல்மா
அதன் கைப்பிடியைத் தின்னத் தொடங்கியிருந்தாள்.